ஜூலிக்குப் பதினோரு வீடு

குன்னத்தில் எங்கள் தெருவுக்கு வந்து கலைமணி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சத்துணவு டீச்சர் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். உண்மையில் அவர் டீச்சரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பாடம் நடத்துகிற வேலையை ஓய்வுக்குப் பிறகுதான் ஆரம்பித்தார். தெருவில் யார் எதைத் தின்றாலும் அதில் என்ன சத்து, என்ன கேடு என்று சொல்லாமல் விடமாட்டார். நான் எதிர்வீட்டுக்காரன், தாலுகா ஆபீசில் எழுத்தர். ஒரு நாள் காலையில் வடைப் பொட்டலத்தோடு வந்த என்னை வழிமறித்து, அந்த எண்ணெய் எத்தனை நாள் காய்ந்தது என்று கேட்டார். அந்த வடையை நான் நிம்மதியாகத் தின்னவில்லை. தின்றேன், நிம்மதியாக இல்லை, அவ்வளவுதான்.

அளவு விஷயத்தில் கலைமணி அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்றால் வெறுங்கையால் அள்ளிப் போட்டுவிட்டு, வேண்டுமானால் தராசில் வைத்துப் பார்த்துக்கொள் என்பார். வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு போனார்கள். முட்டை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சமையல் கூடமே நடுங்கும். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள். இப்படிக் கிராம் கிராமாக வாழ்ந்த மனுஷியின் வீட்டில்தான் நாற்பத்தொரு கிலோவில் ஒரு நாய் வளர்ந்தது.

ஜூலி, மகள் வெற்றிச்செல்வியின் நாய். வெள்ளையும் இல்லை மஞ்சளும் இல்லை என்கிற நிறத்தில் ஒரு லேப்ரடார். செல்வி திருச்சியில் நர்ஸாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கி வளர்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் அயர்லாந்தில் வேலை கிடைத்ததும், நாயையும் அதன் தட்டையும் பத்துக் கிலோ பாக்கெட் தீனியையும் அம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். கூடவே ஒரு தாளில் காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப் என்று எழுதி வைத்தாள். அக்கா அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டி, காப்பி குடிக்கிற கப்பா, வளர்ந்த ஜீவனுக்கு இது எந்த மூலைக்குக் காணும் என்று ஆதங்கப்பட்டார். டவுனில் நாயைப் பாதிப் பட்டினி போட்டிருக்கிறாள் என்பது அவருடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொன்னது ஜூலியின் கண்கள். லேப்ரடார் சாப்பிட்டு முடித்ததும் தட்டைப் பார்க்கும், பிறகு உங்களைப் பார்க்கும். பிறந்ததிலிருந்து சோற்றையே கண்டதில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் வயிறு முட்டத் தின்றது என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. நான் ஆபீசில் எத்தனையோ மனுதாரர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு உருக்கமாக ஒருத்தரும் மனு கொடுத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் சாப்பிடும்போது ஒருவர் பார்த்தால் ஒரு கை கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் தின்றால் நமக்கு வயிறு வலிக்கும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பால் பல் விழுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மனிதர்களில் இந்த வழக்கத்தை மதித்து, அடுத்தவர் சாப்பிடும்போது நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜூலிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அக்கா காலையில் ஒரு மணி நேரம் தெருவில் உலாவ விடுவார். ஜூலி வாசல் வாசலாகப் போய் உட்காருவாள். குரைக்கமாட்டாள், மேலே தாவமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான்.

போன வருடம் சித்திரையில் அவளுடைய பின்னங்கால்கள் தகராறு செய்ய ஆரம்பித்தன. வீட்டு வாசலில் மூன்றே படி. மூன்றாவதில் நின்று மூச்சு வாங்குவாள். படுத்தால் எழுந்திருக்க இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. வீடியோ காலில் பார்த்த செல்வி, அம்மா, இது என் நாயா இல்லை சோபாவா என்று கேட்டுவிட்டு, உடனே டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி அழுதாள்.

பெரம்பலூருக்கு எப்படிக் கொண்டுபோவது? கமிஷன் மண்டி மதுரைவீரன் சின்ன வெங்காயம் ஏற்றிப் போகிற வண்டியில் இடம் கொடுத்தான். மூட்டைகளுக்கு நடுவில் ஜூலி, அவள் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் அக்கா, முன்னால் அரைநாள் லீவு போட்ட நான். கால்நடை மருத்துவர் புவனேஸ்வரி இளம்பெண். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, எடைதான் நோய் என்றார். நாற்பத்தொரு கிலோ இருநூறு கிராம் இருக்கிறது, முப்பத்திரண்டுக்கு வர வேண்டும் என்றார். அக்கா, கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தானே பார்க்க நன்றாக இருக்கும் என்று இழுத்தார்.

டாக்டர் படத்தில் இடுப்பு எலும்பைத் தொட்டுக் காட்டினார். "இன்னும் ஒரு வருஷம் இப்படியே போச்சுன்னா பின்னங்கால் ரெண்டும் நின்னுடும்மா. அப்புறம் எந்திரிக்க மாட்டா. ஆபரேஷன் பண்ணலாம்னாலும் இந்த எடைக்கு நான் மயக்க மருந்து குடுக்க யோசிப்பேன்."

ஒரு நாளைக்கு இருநூற்று அறுபது கிராம் தீனி, அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது. வெங்காயம் அறவே கூடாது, நாய்க்கு அது ரத்தத்தைக் கெடுக்கும். பசி என்று நின்றால் வெள்ளரிக்காய், சுரைக்காய், வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். அக்கா எல்லாவற்றையும் ஒரு மாணவி மாதிரி எழுதிக்கொண்டார். வெங்காயம் இல்லாத சோறு எங்கள் ஜில்லாவில் எங்கே இருக்கிறது என்று மட்டும் என்னிடம் முணுமுணுத்தார். வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்ட வண்டியில் திரும்பி வந்தோம்.

அடுத்த நாளிலிருந்து இருநூற்று அறுபது கிராம். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்து ஜூலியை மண்டிக்குக் கூட்டிப்போய் வெங்காய மூட்டை நிறுக்கிற மெஷினில் ஏற்றினோம். சாக்கு எடை கழிக்கணுமா என்று மதுரைவீரன் கேட்டான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தொன்று அறுநூறு காட்டியது. ஒரு மாதப் பத்தியத்தில் நானூறு கிராம் கூடியிருந்தது. மெஷின் பழுது என்று அக்கா சொன்னார். மதுரைவீரனையே ஏற்றி இறக்கிப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது. அவன் எடையையும் சேர்த்துச் சொல்லி, பொரித்த கோழியைக் குறைத்துக்கொள் என்று அறிவுரை கூறிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் ஜூலியின் வாயை மோந்து பார்த்தார். காலை உலா முடிந்து வந்த வாயில் நல்லெண்ணெய், இட்லிப் பொடி, கோழிக்குழம்பு, ஏதோ பிஸ்கட் எல்லாம் மணந்தன. அந்தப் பிஸ்கட் என்னுடையது. அதை அப்போது நான் சொல்லவில்லை.

அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய குண்டான் ஒன்றைக் கொண்டுவந்து தெரு நடுவில் வேப்பமரத்தடியில் வைத்தார். ஜூலி இன்றைக்கு வீட்டுக்குள் கட்டிக் கிடப்பாள், அவளுக்கு வழக்கமாகக் கொடுப்பதை இதில் போட்டுவிடுங்கள், யாரையும் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளிடம் உண்மையை வரவழைத்த ஆள். மிரட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவே குண்டானைச் சுற்றி நின்றது. இட்லிக்கடை ஆண்டாயி போட்ட ஐந்து இட்லி. பிராய்லர் கடை செல்லதுரை போட்ட தோலும் கழுத்தும். சாம்பார் சோறு மூன்று வீட்டுக் கைவண்ணத்தில் இருந்தது, மூன்றிலும் முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம். பொங்கல், முறுக்கு, பன், ஜெயங்கொண்டத்து விருந்தாளி கொண்டுவந்த முந்திரிப்பருப்பு ஒரு பிடி, யாரோ ஊற்றிய பால். மேலாக, ஈரத்தில் ஊறாமல் பளிச்சென்று, நான்கு பிஸ்கட். தினமும் இரண்டுதான் கொடுக்கிறேன் என்று மனைவி கண்ணகியிடம் சொல்லியிருந்தேன். அவள் குண்டானைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஜூலியின் பார்வையைவிட மோசமான பார்வைகளும் உலகத்தில் இருக்கின்றன.

பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்காரர்களும் தாங்கள் ஒருவர்தான் கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தார்கள். குண்டான் போக உள்ளே இருந்தது மூன்று கிலோ நானூறு கிராம்.

ஆண்டாயிதான் வாயைத் திறந்தது. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். சத்துணவுல அளந்து போட்ட கை, வூட்டுலயும் அளந்துதான் போடும், அது வயிறு காயுதுன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவருடைய வீட்டு ஜீவன் பட்டினி கிடக்கிறது என்று ஒரு தெரு முழுக்க நம்பியிருக்கிறது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் திருப்பிக் கொடுத்திருப்பார். டாக்டர் காட்டிய படத்தைப் போனில் எடுத்து எல்லாருக்கும் காட்டி, இடுப்பு எலும்பைச் சொல்லி, இனி இந்த நாய் எழுந்து நடப்பதும் நடக்காமல் போவதும் உங்கள் கையில் இருக்கிறது என்றார். செல்லதுரை, அது பார்க்கிறதே டீச்சர், பார்த்துவிட்டுச் சும்மா போனால் நமக்கு வயிற்றை வலிக்குமே என்றான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். படிப்பு வேறு, வயிற்றுவலி வேறு.

அக்கா அதைச் சட்டென்று ஒதுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பா பதினொன்று வாங்கி வந்தார். ஜூலியின் இருநூற்று அறுபது கிராமில் நூறு கிராம் வீட்டில் வைத்துக்கொண்டார். மிச்சத்தைப் பதினோரு டப்பாவில் பிரித்து விடியற்காலையில் வீடு வீடாகக் கொடுத்தார். ஒரு வீட்டுக்குப் பதினான்கு கிராம். மிச்சம் ஆறு கிராமை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஆண்டாயி வீட்டுத் திண்டாட்டம் பெரிது என்று அங்கே சேர்த்தார். இட்லிக்கடையில் நாள் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? ஜூலி பார்த்தால் டப்பாவைத் திறந்து கொடுங்கள், உங்கள் வயிறும் வலிக்காது, அவள் காலும் போகாது என்பது ஏற்பாடு.

போன் போட்டுக் கேட்டபோது டாக்டருக்கே சந்தோஷம். கையில் கொடுக்காதீர்கள், தேடித் தின்னட்டும், இந்த ஜாதி நாய்க்கு மோப்பம் பிடித்துத் தேடுவதே பாதிச் சாப்பாடு என்றாராம். அதிலிருந்து தெருவில் ஒரு போட்டியே ஆரம்பித்துவிட்டது. ஆண்டாயி மணல் குவியலில் தூவினாள். செல்லதுரை செங்கலுக்கு அடியில் ஒளித்தான். கண்ணகி, பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டுவைத்தாள். பதினான்கு கிராமுக்காக ஜூலி அரைமணி நேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அலைந்தாள். பதினோரு வீட்டுக்கும் நடந்தே போக வேண்டியிருந்ததால் நடையும் ஆயிற்று. வெள்ளரிக்காயைக் கண்டால் முதலில் முகத்தைத் திருப்பினாள். ஒரு வாரத்தில் அதற்கும் அதே உருக்கமான மனு வந்துவிட்டது.

வாரத்துக்கு ஒரு தடவை மண்டியில் எடை. வெங்காயம் போட வந்த விவசாயிகள் தங்கள் மூட்டையைக் கொஞ்சம் தள்ளிவைத்து ஜூலிக்கு வழிவிட்டார்கள். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டே கால் என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆவணிக் கடைசியில் முப்பத்தேழு எண்ணூறு. மூன்று படியையும் நிற்காமல் ஏறினாள். தெருவே அதைத் தன் சொந்தச் சாதனையாகப் பேசிக்கொண்டது.

அதோடு நின்றுவிட்டது. அடுத்த வாரம் முப்பத்தேழு தொள்ளாயிரம். அதற்கடுத்த வாரம் முப்பத்தெட்டு. ஐந்து வாரமாக முள் இறங்கவே இல்லை. தெருவில் சந்தேகம் கிளம்பியது. செல்லதுரை என்னைச் சொன்னான். நான் ஆண்டாயியைச் சொன்னேன். கண்ணகி என் பிஸ்கட் பாக்கெட்டை எண்ணி வைத்தாள். மறுபடியும் வேப்பமரத்தடியில் குண்டான் வைக்கப்பட்டது. இந்தத் தடவை அதில் விழுந்தது அரை முறுக்கு. அதைப் போட்டவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரை முறுக்கில் எந்த நாயும் ஐந்து வாரம் பெருத்துவிடாது.

அந்த வாரம் அக்காவின் பட்டா நகல் ஒன்று ஆபீசில் தயாராகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது கையோடு கொடுத்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் ஜூலி. ஒரு உருண்டை அக்கா வாய்க்கு, ஒரு உருண்டை ஜூலி வாய்க்கு. இரண்டு உருண்டையும் ஒரே அளவு. அந்தக் கை எதிலும் பிசகாது.

என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தெருவையே குண்டான் வைத்து விசாரித்த நீதிபதி கையும் களவுமாக மாட்டியிருக்கிறார். கேலி செய்ய வாயெடுத்தவன் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன்.

"வெங்காயத்தப் பொறுக்கிட்டுத்தான் குடுக்குறேன் தம்பி," என்றார். உருட்டியதைத் தட்டிலேயே வைத்தார். "அது பாக்குறப்ப எனக்கு எறங்க மாட்டேங்குது."

பிறகு சொன்னார். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டிய காலம். வீட்டில் ராத்திரி மட்டும்தான் உலை வைப்பார்கள். பகல் சோறு என்பது பள்ளிக்கூடத்தில் போடுகிற மதியச் சோறுதான். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் வரிசையில் கடைசியாக நின்றிருக்கிறார். இவர் முறை வந்தபோது சட்டியை வழித்தாயிற்று. நாளைக்கு வா என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே அன்று மதியம் முழுக்க நின்றதை ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அவரால் மறக்க முடியவில்லை. அமைப்பாளர் வேலை கிடைத்ததும் முதலில் செய்தது, தான் கடைசியாகச் சாப்பிடுவது என்று முடிவு எடுத்ததுதான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பிள்ளையும் வெறும் தட்டோடு திரும்பவில்லை. பல நாள் அவருக்கு மிஞ்சவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை.

"பசிச்சு நிக்கிறத முன்னால வச்சுக்கிட்டு ஒரு நாளும் நான் தின்னதில்ல தம்பி. இந்த வயசுல எப்படிப் பழகுறது?"

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். கண்ணகிதான் வழி சொன்னாள். மறுநாளிலிருந்து மதியம் ஒரு மணிக்கு அக்கா தன் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜூலி உள்ளே, கேட் பூட்டு, நடுவில் ஒரு தெரு. எங்கள் வீட்டுக் கதவையும் சாத்திக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிற மாதிரி அவசர அவசரமாகச் சாப்பிடுவார். கண்ணகியின் ரசத்தில் மிளகு அதிகம் என்பதைச் சொல்லவும் தவறவில்லை. இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி, உடம்பு இறங்கி வயிறு சுருங்கிவிட்டால் அதுவும் பசி பசி என்று நிற்காது, அப்புறம் நான் என் வீட்டிலேயே நிம்மதியாகச் சாப்பிடுவேன் என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். அந்த நம்பிக்கையில்தான் அவர் மூன்று மாதத்தை ஓட்டினார்.

மெஷினில் முள் மறுபடி இறங்கத் தொடங்கியது. முப்பத்தாறு, முப்பத்தைந்து, கார்த்திகையில் முப்பத்து நான்கு. தை பிறந்து இரண்டாம் வாரம் மதுரைவீரனின் வண்டியிலேயே மறுபடியும் பெரம்பலூர் போனோம். இந்தத் தடவை ஜூலி தானாகவே வண்டியில் தாவி ஏறினாள். முப்பத்திரண்டு கிலோ நானூறு. டாக்டர் கால்களை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், அறைக்குள்ளேயே நடக்கவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார். இனி ஆபரேஷன் பேச்சே வேண்டாம், இந்த எடையைக் காப்பாற்றினால் கால் கடைசிவரை வரும் என்றார். பதினோரு டப்பா ஏற்பாட்டை வேறு ஊர் ஆட்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். அக்காவின் முகத்தில் அத்தனை பெருமையை நான் பார்த்ததே இல்லை. பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தியபோது கூட அவர் இப்படிச் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்போடுதான் அதைக் கேட்டார். இப்போது வயிறு சுருங்கியிருக்கும், அவளுக்குப் பசி அடங்கியிருக்கும் அல்லவா என்றார்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு மறைக்காமல் சொன்னார். சாப்பிட்டால் போதும் என்று உடம்பு மூளைக்குச் சேதி அனுப்பும். லேப்ரடாரில் நாலில் ஒன்றுக்கு அந்தச் சேதி பிறவியிலேயே சரியாகப் போய்ச் சேராது. அதைச் சோம்பல் என்றும் பேராசை என்றும் ஆட்கள் சொல்வார்கள், அப்படி இல்லை. அந்த நாய்கள் நடிப்பதும் இல்லை. ஜூலியைப் பார்த்தால் அந்த வகை என்றுதான் தோன்றுகிறது.

"நெசமாவே பசிக்குதும்மா அவளுக்கு. நாப்பது கிலோல இருந்தப்பயும் பசிச்சுது, இப்பவும் பசிக்குது. எவ்வளவு போட்டாலும் அது தீராது. அத தீர்க்கறது உங்க வேலை இல்ல. அவளப் பாத்துக்கறதுதான் உங்க வேலை."

அக்கா சரி என்று தலையசைத்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். குன்னம் வரும்வரை நான் வண்டியின் முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஜூலி அவர் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சோறு போட்டால் பசி தீரும் என்பதை வைத்துத்தான் அந்த மனுஷி தன் வாழ்க்கையைக் கட்டியிருந்தார். அதில் யாரோ கை வைத்துவிட்ட மாதிரி எனக்கே கஷ்டமாக இருந்தது.

வீடு வந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. கண்ணகி வாசலுக்கு வந்து, டீச்சருக்கும் சேர்த்து ஆக்கிவிட்டேன், வாங்க என்று கூப்பிட்டாள். அக்கா இன்றைக்கு வேண்டாம், நான் என் வீட்டிலேயே சாப்பிடுகிறேன் என்றார். டாக்டர் கொடுத்த மாத்திரைப் பை என் கையில் இருந்தது. அதைக் கொடுக்க நானும் பின்னால் போனேன். சமையலறை வாசலிலேயே நின்றேன்.

காலையில் வடித்த சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. தட்டில் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். ஜூலி எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒல்லியாகியிருந்த முகத்தில் கண்கள் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தன. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அக்கா முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்து இறக்கினார். இரண்டாவதை உருட்டினார். கை ஒரு தடவை ஜூலி பக்கம் போய்த் திரும்பியது. கண்ணில் தண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஜூலியைப் பார்த்துக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

தட்டைக் கழுவி வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிவந்து ஜூலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஜூலி அந்தக் கையை மோந்து பார்த்தாள், உள்ளங்கையை நக்கிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள். அக்கா அவள் கழுத்தைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"பசிக்குதுல்ல? பசிக்கும்டி. எனக்குத் தெரியும்," என்றார். "நான் கூடவேதான் இருக்கேன்."